பாக்கிக் கதை

சண்டை முழுவதையும் பார்த்தாக வேண்டும் என்று வரம் கேட்டவன் அரவான். பாரதப் போர் தொடங்கும் முன்பே களபலியாகத் தலையைக் கொடுக்க ஒப்புக்கொண்டவனுக்கு, போர் எப்படி முடிந்தது என்று தெரியாமல் போவதில் மனசில்லை. கிருஷ்ணர் சம்மதித்தார். வெட்டுண்ட தலை பதினெட்டு நாளும் கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்பது பழைய தென்னார்க்காட்டு ஊர்கள் சொல்லும் கதை. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைதோறும் கூத்தாண்டவராக அவனுக்குத் திருவிழா நடக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரசிகர்களுக்கென்று ஒரு குலதெய்வம் உண்டென்றால் அது அவனாகத்தான் இருக்க முடியும். 'மீதிக் கதை என்ன ஆச்சு?' என்று தலை போன பிறகும் கேட்டவன் வேறு யார்?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். பெயரிலேயே ஒரு பழைய கச்சிராயர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் 1960களில் கட்டிய கோமுகி அணை. கூட்டுறவு சர்க்கரை ஆலை, அரவைக் காலத்தில் அதன் வாசலில் வரிசை கட்டும் கரும்பு வண்டிகள். மேலே ஏறினால் வெள்ளிமலை; மலையைத் தாண்டினால் சேலம். 1993 வரை தென்னார்க்காடு, அப்புறம் விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்று மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறாமல் இருப்பது அறுப்பு முடிந்த மாதங்களில் இந்தச் சமவெளி ஊர்கள் கதைக்காகக் கண்விழிக்கும் பழக்கம்.

இன்று ஒரு மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகம் வெளியானால் முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர் வாயில் தயாராக ஒரு தீர்ப்பு இருக்கிறது. 'ஃபர்ஸ்ட் பார்ட் மாதிரி இல்ல.' 'ஒருவாட்டி பாக்கலாம்.' 'செகண்ட் ஹாஃப் இழுவை.' இந்தத் தீர்ப்புகளைச் சினிமா வந்து கற்றுக்கொடுத்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் கூத்துக் களத்தில் ஓர் இரவு உட்கார்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

திரௌபதி அம்மன் வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபெய்டல் அதன் மையத்தைச் செஞ்சிப் பக்கத்தில் கண்டார். அங்கிருந்து விரியும் வட்டத்துக்குள் கள்ளக்குறிச்சிப் பக்கமும் அடங்கும். திருவிழா பத்து நாளோ பதினெட்டு நாளோ, முறை ஒன்றுதான்: பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவும் முந்தின இரவின் தொடர்ச்சி. நேற்று துகில் உரிந்த துச்சாதனனுக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை என்பது களத்தில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். திரௌபதி கூந்தலை முடியாமல் விரித்துப் போட்டிருக்கிறாள் அல்லவா? அந்த விரிந்த கூந்தல்தான் பாக்கி. முடிகிற நாள்வரை ஊர் காத்திருக்கும்.

கதை தெரியாமல் யாரும் வந்து உட்காருவதில்லை என்பதுதான் இதில் விசேஷம். கர்ணன் சாவான், எல்லாருக்கும் தெரியும். எப்படிச் சாகப்போகிறான் என்பதற்குத்தான் பாயும் போர்வையுமாக வந்திருக்கிறார்கள். போன வருஷம் வந்த செட்டின் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்றே களத்தை நடுங்க வைத்தான். இந்த வருஷத்து ஆளுக்குக் குரல் எட்டவில்லை. போன வருஷத்து முகவீணைக்காரர் இந்தத் தடவை வரவில்லை, சப்பென்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்தின் இரண்டாம் பாகம்தான் என்று சொன்னால் மிகையில்லை. பிடித்தால் வேஷக்காரர் நெஞ்சில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள், மைக்கில் பெயர் சொல்லி அன்பளிப்பு வாசிக்கப்படும். பிடிக்காவிட்டால் யாரும் எழுந்து போவதில்லை. துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். விடியக்காலம் மூன்று மணிக்குக் கர்ணன் திரையை விலக்கும்போது எத்தனை தலை நிமிர்கிறது என்பதில் கூத்து வாத்தியாருக்கு விஷயம் புரிந்துவிடும்.

விமர்சகரும் களத்திலேயே இருக்கிறார், வேஷம் கட்டிக்கொண்டு. கட்டியங்காரன் ராஜாவுக்கு வாழ்த்துச் சொல்லி முடித்த கையோடு அதே ராஜாவைக் கிண்டல் செய்வான். வனவாசத்தின் நடுவே உள்ளூர் ரேஷன் கடையையும் பஞ்சாயத்துத் தகராறையும் இழுப்பான். ஆட்டம் நீண்டுவிட்டால் 'போதும், உட்காரு' என்று சொல்லும் உரிமையும் அவனுக்குத்தான். பார்வையாளன் மனசில் நினைப்பதை மேடையிலேயே சொல்லிவிட ஓர் ஆளை அமர்த்திய கலை அது. சினிமாவில் அப்படி ஒருவனுக்கு இடம் இல்லாமல் போனதால்தான் கொட்டகையில் விசில் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

ஏட்டிலும் இந்த வழக்கு பழையது. நடுநாட்டில் வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் வில்லிபுத்தூரார் பாடிய பாரதம் சுமார் 4,350 பாடல். போர் முடிந்ததும் அவர் நிறுத்திக்கொண்டார். பத்துப் பருவத்தோடு நின்ற கதையைப் பதினெட்டுப் பருவமும் நிறைவாகச் சொல்ல 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை முனைந்தார். வில்லியின் பாடல்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டு சுமார் 14,000 பாடல்களுக்கு அதை விரித்தார். முழுமை என்று பார்த்தால் நல்லாப்பிள்ளை பாரதம்தான் முழுமை. ஆனால் கூத்தும் பிரசங்கமும் பெரும்பாலும் வில்லியோடு நின்றுகொண்டன. துரியோதனன் விழுந்து, கூந்தலும் முடிந்த பிறகு என்ன பாக்கி? பாண்டவர்கள் மலையேறிப் போய் ஒவ்வொருவராக விழுவதைக் காண ஊரில் யாருக்கும் விருப்பமில்லை.

ராமாயணத்துக்கும் இதே கதி. கம்பன் பட்டாபிஷேகத்தோடு முடித்தான். அதற்குமேல் சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்குகிறது. கம்பன் பாட்டைக் கேட்ட கூத்தர் மனம் உடைந்து தம் ஏடுகளைக் கிழித்தெறிந்தார், கடைசிப் பகுதியை மட்டும் கம்பனே காப்பாற்றினான் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, ஓர் இரண்டாம் பாகத்தின் ஆசிரியரை முதல் பாகத்தின் ஆசிரியர் தயவில் பிழைக்கவைத்த அந்தக் கற்பனை கொஞ்சம் குரூரமானது. வீடுகளில் ராமாயணம் படிக்கிறவர்கள் பட்டாபிஷேகப் படத்துக்குப் பொட்டு வைத்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

தமிழில் மாயாஜால இரண்டாம் பாகம் என்று கறாராகச் சொல்லத்தக்கது மணிமேகலைதான். சிலப்பதிகாரத்தில் இறந்துபோன கோவலனின் மகள் கதை. இரண்டையும் சேர்த்து இரட்டைக் காப்பியம் என்பார்கள். கடல் தெய்வம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தீவுக்குப் பறக்கிறது. வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் போக ஒன்று, பசி தீர ஒன்று என்று மூன்று மந்திரம் கிடைக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி வருகிறது. ஆள் மாறாட்டத்தில் உதயகுமாரன் என்ற அரசகுமாரன் ஒரு விஞ்சையன் (வித்தியாதரன்) வாளுக்கு இரையாகிறான். அந்த விஞ்சையன் பெயர் காஞ்சனன். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு இருந்தும் சிலம்புக்குக் கிடைத்த செல்வாக்கு மணிமேகலைக்கு வரவில்லை. பின்பகுதியில் சமயவாதிகள் ஒவ்வொருவராக வந்து தத்துவம் சொல்கிறார்கள், கதை அங்கே கால் மடக்கி உட்கார்ந்துவிடுகிறது என்பது படித்தவர்கள் வைத்த குறை. திரையிலும் அதே வரிசைதான். 1940இல் கே.பி.சுந்தராம்பாள் நடித்த 'மணிமேகலை' வந்தது. 1942இல் ஜூபிடர் எடுத்த 'கண்ணகி'யைத்தான் ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது.

சினிமா ஊருக்குள் வந்தபோது கூத்துப் பார்த்த அதே சனம்தான் மணலைக் குவித்து உட்கார்ந்தது. தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். கிடுகு வேய்ந்த டூரிங் கொட்டகையில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசுக்குத் தக்க வகுப்புகள் இருந்தன என்பது வேறு விஷயம். உட்கார்ந்ததும் பார்த்தது என்ன? பெரும்பாலும் மந்திரவாதியும் ராஜகுமாரியும். 1951இல் 'பாதாள பைரவி'யின் நேபாள மந்திரவாதியாக எஸ்.வி.ரங்காராவ். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கத்துச் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', வண்ணத்தில். 1957இல் 'மாயா பஜார்'. கல்யாணச் சமையல் முழுவதையும் ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் கடோத்கஜனைப் பார்த்துத் தென்னார்க்காட்டு ரசிகன் அதிசயப்படத் தேவையே இல்லை. கூத்தில் அவனுக்கு அறிமுகமான ஆள், இங்கே கேமரா வித்தையோடு வந்திருந்தான்.

பி.விட்டலாச்சாரியாவின் தெலுங்குப் படங்கள் தமிழ் பேசிக்கொண்டு வந்தன. 1978இல் எடுத்த 'ஜெகன்மோகினி'யில் பேய் மருமகள் விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்பில் வைத்து எரிப்பாள். பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தக் காட்சியைச் சொல்லித்தான் படத்தை அடையாளம் காட்டுவார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தப் படங்களில் யாரும் 'இரண்டாம் பாகம்' என்று போடவில்லை. தேவை இருக்கவில்லை. அடுத்த படத்திலும் அதே குகை, அதே எலும்புக்கூடு, அதே கிளிக்குள் உயிர். கூத்துக்கு ஆள் மாறுவதுபோல மந்திரவாதி மட்டும் மாறினார்.

'அடுத்தது பார்க்க வாருங்கள்' என்று திரையிலேயே சொல்லிவிட்டுப் போனவர் எம்.ஜி.ஆர். ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியைக் களமாக்கி, மின்னலின் ஆற்றலைப் பிடித்து அடைக்கும் விஞ்ஞானியின் கதையாக அவர் இயக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 மே 11 அன்று வெளியானது. தி.மு.க.விலிருந்து அவர் பிரிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. படம் வெளியாவதே பெரிய அரசியல் செய்தி. முடிவில் 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அடுத்த படத்தின் பெயர் வந்தது. அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. நான்கு ஆண்டில் அவர் முதலமைச்சர் ஆகிவிட்டார். 2018இல் அதே பெயரில் ஓர் அனிமேஷன் படத்துக்குப் பூஜை போட்டார்கள் என்றால் அந்தப் பாக்கி எத்தனை காலம் நிலுவையில் இருந்திருக்கிறது என்று பாருங்கள்.

பாக்கியே இல்லாத இடத்தில் இரண்டாம் பாகம் எடுத்த வரலாறும் உண்டு. அதுவும் ஒரு ஜப்பான் கண்காட்சியில்தான் போய் முடிந்தது.

1979இல் பஞ்சு அருணாசலத்தின் தயாரிப்பில் ஜி.என்.ரங்கராஜன் இயக்கிய 'கல்யாணராமன்' வந்தது. பல் எடுப்பான அப்பாவி கல்யாணத்தைச் சொத்துக்காகக் கொன்றுவிடுகிறார்கள். பேயாக வரும் கல்யாணம், பட்டணத்தில் வளர்ந்த இரட்டைச் சகோதரன் ராமன் உடம்புக்குள் புகுந்து பழி தீர்க்கிறான். இரண்டு வேஷமும் கமல்ஹாசன், காதலி ஸ்ரீதேவி, இசை இளையராஜா. பயமுறுத்தாத பேய், குழந்தைகளோடு குழந்தையாகச் சிரிக்கும் பேய் என்பதால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது. ஆறு ஆண்டு கழித்து எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில் 'ஜப்பானில் கல்யாணராமன்'. சுகுபா நகரில் நடந்த எக்ஸ்போ 85 கண்காட்சி பின்னணி, ஸ்ரீதேவிக்குப் பதில் ராதா. முதல் படத்தின் பாத்திரங்களை அப்படியே கதைத் தொடர்ச்சியோடு கொண்டுவந்ததால் தமிழ் சினிமாவின் முதல் இரண்டாம் பாகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1985 நவம்பர் 11, தீபாவளி வெளியீடு. அதே நாளில் ரஜினியின் 'படிக்காதவன்', பாலசந்தரின் 'சிந்து பைரவி'. மூன்றில் பின்தங்கியது இதுதான்.

ஏன்? ஜப்பான் அழகாகத்தான் இருந்தது. கமல் நடிப்பிலும் குறையில்லை. ஆனால் கல்யாணத்துக்கு நியாயம் முதல் படத்திலேயே கிடைத்துவிட்டது. கூந்தல் முடிந்தாயிற்று. முடிந்த கூந்தலை இன்னொரு தடவை அவிழ்த்துவிட்டு 'மறுபடி வாருங்கள்' என்றால் களத்தில் ஆள் துண்டை விரிக்கத்தான் செய்வான்.

அந்தக் காலத்தில் தீர்ப்பு எழுதியவர்கள் யார் என்று பார்ப்பதும் சுவாரசியம். 1930களில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனின் 'ஆடல் பாடல்' பகுதியில் கச்சேரி, நாடகம், சினிமா எல்லாவற்றையும் ஒரே கையால் வாரினார். பிற்பாடு விகடன் படங்களுக்கு மார்க் போட ஆரம்பித்தது. 1977இல் '16 வயதினிலே' வாங்கிய 62.5 பல்லாண்டுகள் முறியடிக்க முடியாத உச்சம். நூற்றுக்கு அறுபத்திரண்டுதான் உச்சம் என்றால் வாத்தியார் எவ்வளவு கண்டிப்பானவர் என்று புரியும். சலூன் பெஞ்சிலும் டீக்கடையிலும் அந்த மார்க்கை வைத்துச் சண்டை நடந்தது. ஆனால் பேய்ப் படம், அம்மன் படம், மாயாஜாலப் படம் என்று வரும்போது அந்த மார்க்கை யாரும் பொருட்படுத்தவில்லை. எழுத்தில் விமர்சிப்பவர் கதையில் புதிதாக என்ன இருக்கிறது என்று தேடினார். தரை டிக்கெட் வாங்கியவர் கூத்துக் களத்து அளவுகோலோடு வந்திருந்தார்: தெரிந்த கதையை இந்த ஆள் எப்படி ஆடுகிறான்?

இந்த இரண்டு அளவுகோலும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டது ராகவா லாரன்ஸ் படங்களில். 2007இல் 'முனி'. 2011இல் 'காஞ்சனா'. 2015 ஏப்ரலில் 'காஞ்சனா 2'. 2019 ஏப்ரலில் 'காஞ்சனா 3'. ராத்திரி ஆனால் அம்மா மடியைத் தேடும் பயந்தாங்கொள்ளி மகன், அவனோடு மல்லுக்கட்டும் கோவை சரளா, அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவரின் ஆவி, மகன் உடம்பில் அது ஏறி ஆடும் ஆட்டம், கடைசியில் பழிவாங்கல். நான்கு படத்திலும் இதே சட்டகம். ஒரு பாகத்தின் கதை அடுத்த பாகத்துக்கு ஒரு நூல் அளவும் கடன் வைப்பதில்லை. 'அதே கதையைத் திரும்ப எடுத்திருக்கிறார், சத்தம் காதைப் பிளக்கிறது' என்று விமர்சகர்கள் ஒவ்வொரு தடவையும் எழுதினார்கள். சரியான குற்றச்சாட்டு. தியேட்டரோ பிள்ளைகுட்டிகளோடு நிரம்பியது, கோடை விடுமுறை வேறு. கூத்துப் பழக்கம் உள்ள கண்ணுக்கு அதே கதை என்பது குறையே இல்லையே. உடம்பில் ஆவேசம் வந்து ஆடும் கட்டம்தான் இரவின் உச்சம் என்பது அதற்குக் காலங்காலமாகத் தெரியும்.

'காஞ்சனா'வின் பாதிப்பு இந்த மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. அதில் சரத்குமார் ஏற்ற காஞ்சனா ஒரு திருநங்கை. மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்படுகிறவர். சித்திரையில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பதற்காக இந்தியா முழுவதிலுமிருந்து திருநங்கைகள் வந்து கூடும் கூவாகம் இருக்கும் மண் இது. அதுவரை திரையில் கேலிப்பொருளாக மட்டுமே வந்தவருக்கு ஒரு முன்கதையும் கோபமும் கண்ணியமும் கிடைத்தது என்று பலர் பாராட்டினார்கள். அதே படத்தில் நாயகன் உடம்பில் பெண்மை ஏறும்போது அதைச் சிரிப்புக்கும் பயத்துக்கும் பயன்படுத்தியதைக் கண்டித்தவர்களும் உண்டு. இரண்டும் உண்மை. 2015இல் வந்த அடுத்த பாகம் இந்த விவாதத்தைத் தொடவே இல்லை. தொலைக்காட்சி ரேட்டிங்குக்காகப் பொய்யாகப் பேய் நிகழ்ச்சி எடுக்கப் போனவர்கள் மெய்யான பேயிடம் சிக்கும் கதைக்குத் தாவிவிட்டது. வசூல் பெருகியது, பேச வேண்டிய பேச்சு நின்றுபோனது.

பாக்கி வைத்தே படம் எடுப்பது என்பதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் ராஜமௌலி. 2015 ஜூலை 10 அன்று வந்த 'பாகுபலி' ஒரு கொலையோடு முடிந்தது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்? ஏறக்குறைய இரண்டு ஆண்டு டீக்கடையிலும் கல்லூரி பஸ்ஸிலும் இந்தக் கேள்வி புழங்கியது. கட்டப்பாவாக நடித்தவர் சத்யராஜ் என்பதால் தமிழ்நாட்டுக்கு அதில் ஒரு சொந்த உரிமையும் சேர்ந்துகொண்டது. அந்த உரிமைக்கு ஒரு விலையும் இருந்தது. காவிரிப் போராட்டத்தின்போது ஒன்பது ஆண்டுக்கு முன்பு அவர் பேசியதை வைத்துக் கர்நாடகத்தில் படத்தை விடமாட்டோம் என்றார்கள். வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்க அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2017 ஏப்ரல் 28 காலையில் தமிழ்நாட்டில் விடிகாலைக் காட்சிகள் பணத் தகராறில் ரத்தாகின. பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்குக் கொலைக்கான காரணத்தைப் பக்கத்து மாநிலத்து நண்பன் போனில் சொல்லிவிடுவானோ என்ற பயம். அரவானின் தவிப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

பதில் என்னவோ எளிமையானதுதான்: ராஜமாதா சிவகாமியின் கட்டளை. ஆனாலும் யாரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டளை எப்படிப் பிறந்தது என்பதை முக்கால்வாசிப் படத்துக்கு இழைத்திருந்தார்கள். விமர்சகர்கள் தேவசேனாவைக் கொண்டாடினார்கள். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. முதல் பாகத்தில் நாயகன் நாயகி அவந்திகாவின் போர் உடையை அவிழ்த்து ஒப்பனை செய்யும் காட்சியை வன்முறை என்று விமர்சகர் அன்னா வெட்டிக்காட் எழுதியதும் பெரிய சண்டை மூண்டிருந்தது. இரண்டாம் பாகத்தில் பெண்களைத் தொட்டவன் விரலைத் தேவசேனா வெட்டுகிறாள். பாகுபலி அவன் தலையையே எடுக்கிறான். அதை அந்த விமர்சனத்துக்கான பதிலாகப் படித்தவர்கள் உண்டு. அவந்திகாவோ அதில் கூட்டத்தில் ஒருத்தியாகக் காணாமல் போனாள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. உச்சக்கட்டத்தில் வளைத்த பனைமரம் வீரர்களைக் கோட்டைக்குள் எறிவதைப் பார்த்து நகரத்து மல்டிபிளக்ஸில் கொஞ்சம் சிரிப்பு எழுந்ததாம். பனை நின்ற ஊர்களில் விசில் பறந்தது. பத்தே நாளில் உலக அளவில் ஆயிரம் கோடி வசூலைத் தாண்டிய முதல் இந்தியப் படம் என்ற பெயரை அது எடுத்தது.

அடுத்த ஆண்டு நவம்பர் 29 அன்று '2.0'. 2010இன் 'எந்திரன்' படத்துக்குத் தொடர்ச்சி. அறிவியல் புனைவு என்று விளம்பரம். செத்துப்போன பறவை ஆர்வலரின் ஆன்மா செல்போன்களைத் திரட்டிக் கழுகாக எழுகிறது என்றால் அது ஊர் மொழியில் பேய்ப் படம்தான். சிட்டுக்குருவிக்காகப் பரிந்து பேசும் பக்ஷிராஜனாக அக்‌ஷய் குமார். முப்பரிமாணக் காட்சிகளை எல்லாரும் மெச்சினார்கள். எழுத்தாளர் சுஜாதா இல்லாத குறை தெரிகிறது, முதல் படத்தின் குறும்பு இல்லை என்றும் எல்லாரும் சொன்னார்கள். செல்போன் கதிர்வீச்சுப் பாடம் நீண்டது. மணிமேகலையின் பின்பகுதி மீது வைத்த அதே புகார். செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது இந்தப் படத்துக்கு மட்டுமே வாய்த்த விமர்சனம்.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வந்தபோது தீர்ப்பு சொன்னவர்கள் வேறு வகையினர்: நாவலை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடரில் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று வரும் திருப்பம் படத்தில் இல்லை. மணிமேகலை என்ற பாத்திரமே இல்லை. (மணிமேகலைகளுக்குத் தமிழில் ராசி அவ்வளவுதான் போலும்.) படம் முதல் பாகம் அளவு வசூலிக்கவில்லை. கதை தெரிந்தவர்களுக்கு நடிப்பு போதும் என்பது கூத்து விதி. தெரிந்த கதையை மாற்றினால் களம் கலகலத்துவிடும் என்பதும் அதே விதியின் மறுபக்கம்.

விமர்சனத்துக்கும் தொழிலுக்குமான சண்டை உச்சத்துக்குப் போனது 2024 நவம்பரில். 14ஆம் தேதி வெளியான சூர்யாவின் 'கங்குவா' என்ற மாயப் போர்ப் படம், கார்த்தியைக் கடைசியில் காட்டி இரண்டாம் பாகத்துக்குக் கதவைத் திறந்து வைத்தது. முதல் காட்சி முடிந்து வெளியே வந்தவர்கள் மைக்கைப் பார்த்துச் சொன்னதில் பாதி சத்தத்தைப் பற்றி. ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா சொல்ல வேண்டியிருந்தது. முதல் அரைமணி சரியில்லை, சத்தமும் அதிகம் என்று ஒப்புக்கொண்டே ஜோதிகா கணவர் படத்துக்கு ஆதரவாக எழுதினார். அந்த வாரமே, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களைப் பொதுமக்கள் கருத்து எடுக்க விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் அறிக்கை விட்டது. முதல் மூன்று நாளுக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் உடனடியாகத் தடை விதிக்கவில்லை. கட்டியங்காரனைக் களத்திலிருந்து வெளியேற்றக் கேட்டு வழக்குப் போட்ட கூத்துச் செட்டு ஒன்று தென்னார்க்காட்டில் இருந்ததாகக் கேள்வியில்லை.

மலையடிவாரத்து ஊர்களில் இன்றைக்கும் பதினெட்டாம் போர் காலையில்தான் முடிகிறது. திடலில் மண்ணால் செய்து படுக்கவைத்த பிரமாண்டமான துரியோதனன். வேஷம் கட்டிய பீமன் அதன் தொடையில் அடிக்கிறார், சிவப்பு நீர் தெறிக்கிறது, திரௌபதி கூந்தலை முடிகிறாள். போலீஸ் கயிறு அவிழ்ந்ததும் இரவெல்லாம் கண்விழித்த சனம் அந்த மண்ணுடலை நோக்கி ஓடுகிறது. ஆளுக்கொரு பிடி மண்ணை முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொள்கிறார்கள். வீட்டில் நெல் குதிருக்குள் போட்டு வைப்பதற்கு. போகிற வழியில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது: பீமன் பரவாயில்லை, துரியோதனன்தான் போன வருஷம் மாதிரி இல்லை.